நம்பர் சொல்ல மாட்டேன்

சுகாசினி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் கபடி எங்கே நடந்தாலும் அவள் மைக்கில் வர்ணனை சொல்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் பலகையைத் திருப்புவேன். என் பெயர் ரேவதி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே டீம். அவள் எதிரணிக்குள் பாடிப் போவாள், நான் கார்னரில் நின்று வருகிறவள் காலைப் பிடிப்பேன். இப்போது எனக்கு முட்டி போய்விட்டது. அவளுக்கு மூச்சு மட்டும் அப்படியே இருக்கிறது, அதை மைக் பக்கம் திருப்பிவிட்டாள்.

வார நாட்களில் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்குப் போக வேண்டும். புடவையைப் பையில் போட்டு முடித்ததும் வாங்கியவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கிற கவுண்டரில் நிற்பாள். மற்றவர்கள் பில் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். இவள் மட்டும், "ஆரணியிலருந்து வந்த மங்களம்மா, உங்க பை ரெடிம்மா" என்பாள். கூட்டம் அதிகமான முகூர்த்த மாதத்தில் முதலாளி, "நம்பரச் சொல்லி அனுப்பும்மா, நேரமாவுது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நம்பர் சொல்ல மாட்டேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். சிரிப்பு முதலாளிக்கு, உறுதி தனக்கு.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாலாஜாபாத் பக்கத்தில்தான் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. கல்லூரி படிக்கும்போது காலனிப் பெண்களே சேர்ந்து ஒரு டீம் போட்டோம். ஊர்த் திருவிழாவில் கபடி வைத்தார்கள். ஃபைனலில் நாங்களும் ஊர்ப் பெண்களும். மைக் பிடித்தவர் அவர்கள் பக்கத்தில் ஒவ்வொருத்தியையும் அழகாகச் சொன்னார். "இதோ, கோதண்டபாணி அவர்களின் மகள் ஜெயப்ரியா பாடிச் செல்கிறார்!" என்று குரலை ஏற்றி இறக்கினார். எங்கள் பக்கம் வந்ததும், "காலனி டீம், நாலாம் நம்பர்" என்றார். நாலாம் நம்பர் சுகாசினி. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தில் எதிரணி மைதானமே காலியானது. ஒவ்வொரு முறையும் "நாலாம் நம்பர், நாலாம் நம்பர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவர் கையில் பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. நான்தான் கொடுத்தேன். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். சுகாசினி மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நேராக மேசைக்குப் போனாள், மைக்கை எடுத்தாள். "நாலாம் நம்பருக்குப் பேர் இருக்குது. என் பேர் சுகாசினி" என்றாள். மேடையில் இருந்தவர்கள் மைக்செட்காரரைப் பார்த்து அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். மைக்செட் டேனியல் எங்கள் காலனிக்கு அடுத்த காலனி. ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்து என்னவோ வயரைத் தேடினான், தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். அதற்குள் அவள் எங்கள் ஏழு பேர் பெயரையும் சொல்லி முடித்துவிட்டாள். பிற்பாடு அவனையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அப்பா வீராசாமியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாலாஜாபாத்தில் கோதண்டபாணியின் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியே வயது போனவர். நல்ல உயரம், வாய் பேசாத ஆள். ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்துவிடுவார். கையில் சோற்றுத் தட்டு இருந்தாலும் சரி, உடம்பு தானாக எழுந்து நிற்கும். சுகாசினி கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தார். தாலியை எல்லோரும் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். கோதண்டபாணி வந்தார், கீழே நின்றபடியே, "வீராசாமி, பந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவர் பாதியில் எழுந்து இறங்கிப் போய்விட்டார். பந்தி காட்டிவிட்டு அவர் மேலே வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. சுகாசினி அழவில்லை. மாலை போட்ட கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

கோதண்டபாணியைக் கெட்டவர் என்று சொல்லிவிட மாட்டேன். மாவட்டத்தில் பெண்கள் ஆட ரப்பர் மேட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கபடிக் கமிட்டித் தலைவரும் அவர்தான். சுகாசினிக்கு மைக் கிடைத்ததும் அவர் தயவில்தான் என்று அவர் நம்புகிறார். அவள் குரலால் கிடைத்தது என்று நாங்கள் நம்புகிறோம். அந்த வழக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அர்ஜென்டினா பெண்கள் வரும்வரைக்கும்.

ஆமாம், அர்ஜென்டினாதான். அந்த நாட்டிலும் கபடி ஆடுகிறார்கள். பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்திருந்த அவர்கள் பெண்கள் அணியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாவட்ட அணியோடு காஞ்சிபுரத்தில் ஆட வைப்பதாக ஏற்பாடாகியது. கமிட்டிக் கூட்டத்தில் கோதண்டபாணி ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இன்னாம்மா இது, வாயிலயே நுழையாது போலக்கீதே. நம்பர் சொல்லிட்டுப் போ. ஏழாம் நம்பர், ஒம்போதாம் நம்பர். அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"நம்பர் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் சுகாசினி.

"அப்ப எப்டிச் சொல்லுவே?"

"கத்துக்கினு சொல்லுவேன்."

கோதண்டபாணிக்கு முகம் கறுத்தது. பெரிய விருந்தினர்களெல்லாம் வருகிறார்கள், மானம் போய்விடும் என்றார். சென்னையிலிருந்து உமாபதி என்று ஒரு அறிவிப்பாளரையும் வரவழைக்கப் போவதாகச் சொன்னார். கடைசியில் ஒரு தீர்ப்பு வைத்தார்: சுகாசினியே ஆரம்பிக்கலாம். ஒரு பெயரை உளறினாலும் மைக் உமாபதி கைக்குப் போகும். அன்றைக்கு மட்டுமில்லை, இந்த வருஷத்து ஆட்டம் முழுக்க உமாபதிதான். "சரியா?" என்றார். "சரி சார்" என்று அவள் சொன்னதும் நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து டேனியல் பாடு திண்டாட்டம். சுகாசினி ஃபோனை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயர்களைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். Hughes என்று இரண்டு பேர் இருந்தார்கள். இங்கிலாந்துக்காரன் சொல்கிற மாதிரி "ஹியூஸ், ஹியூஸ்" என்று அடுப்படியில் ஊதிக்கொண்டே இருந்தாள். Schmidt என்று ஒருத்தி. ஜெர்மன்காரன் சொல்வதைப் பார்த்து "ஷ்மிட்" என்று பழகினாள். தோசைக்கல்லில் எச்சில் தெறிக்குது என்று டேனியல் தோசையை மறுத்த நாளும் உண்டு. "எங்க வீட்ல ரெண்டு நாளா தமிழ் பேசறதே இல்ல ரேவதி" என்று என்னிடம் புலம்பினான்.

வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் மைதானத்தைப் பார்க்க வந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான பெண்கள், வெயிலில் சிவந்து போயிருந்தார்கள். எல்லோர் கையிலும் இளநீர். டேனியல் மைக்செட்டைக் கட்டியிருந்தான். சுகாசினி பெருமையாக மைக்கை எடுத்து, "ஹியூஸ்!" என்றாள். ஒருத்தியும் அசையவில்லை. "ஷ்மிட்!" என்றாள். ஒரு பெண் மட்டும் சந்தேகமாக இளநீரை இறக்கினாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழகியதெல்லாம் வீண் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் சொன்னேன், "விடுடி, நம்பரே சொல்லிரு." என்னை எரிக்கிற மாதிரி பார்த்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேட் மேல் போய் அவர்கள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கேப்டன் பெலேன் என்கிறவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். சுகாசினிக்குப் பட்டுக்கடை இங்கிலீஷ் தெரியும். போதாததற்குக் கையும் வாயும் இருந்தன. பெலேன் சொன்னது இதுதான். அந்த நாட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். ஆனால் பாதிப் பேருடைய முன்னோர்கள் கப்பலேறி எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். வந்தவர்களின் பாஷை போய்விட்டது, குடும்பப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று சட்டம் எதுவும் கிடையாது. சில வீடுகளில் பழைய நாட்டுச் சத்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் எழுத்தைப் பார்த்து ஸ்பானிஷ் வாசிக்கிற மாதிரியே வாசித்துவிடுவார்கள். அவர்களுக்கு H என்றால் சத்தமே கிடையாது.

"அப்ப உங்க வீட்ல எப்டி?" என்று கேட்டாள் சுகாசினி.

"ஊகெஸ்" என்றாள் பெலேன். "வேல்ஸ் நாட்டில் வேறு மாதிரி சொல்வார்களாம். சொல்லட்டும். என் தாத்தா ஊகெஸ், என் அப்பா ஊகெஸ், நான் ஊகெஸ்."

பக்கத்தில் இருந்த இன்னொரு Hughes, அகுஸ்தினா, கையை ஆட்டினாள். அவள் வீட்டில் "யூஸ்". எழுத்து ஒன்றுதான். சொந்தமும் கிடையாது, சத்தமும் வேறு. எனக்குத் தலை சுற்றியது. சுகாசினிக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ரேவதி, அந்தந்த ஆளக் கேட்டாதான் தெரியும். ஃபோனக் கேட்டா ஃபோனுக்கு இன்னா தெரியும்?"

ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். சோஃபியா என்ற பெண்ணின் முன்னோர் லெபனானிலிருந்து வந்தவர்கள். யூனெஸ் என்று எழுதியிருந்ததை அவள் "ஷூனெஸ்" என்றாள். அங்கே அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அப்படியாம். Schmidt பெண் கமீலா தன் பெயரை "எஷ்மித்" என்றாள். முன்னால் ஒரு 'எ' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது இல்லாமல் ஆரம்பிக்கவே வராதாம். சுகாசினி தொடையில் தட்டிச் சிரித்தாள். "ஏய், இதுங்களும் நம்ம ஆளுங்கதாம்பா! நாம இஸ்கூலு, இஸ்டேஷன்னு சொல்றமே, அதே கதைதான்." அதை அவர்களுக்குச் சொல்லிக் காட்டியதும் மொத்த டீமும் "இஸ்கூலு, இஸ்கூலு" என்று கத்தியது.

பிறகு அவளே ஒரு தப்பு பண்ணினாள். எங்கள் ஊரில் மட்டும் பண்ணக்கூடிய தப்பு. நமக்கு முன்னால் வருவது அப்பா எழுத்து, பின்னால் வருவது நம் பெயர். ஆகையால் பெலேன் ஊகெஸ் என்றால் அவள் பெயர் ஊகெஸ், அப்பா பெயர் பெலேன் என்று எடுத்துக்கொண்டு, "உங்க அப்பா பெலேன் நல்லா இருக்காரா?" என்று அக்கறையாக விசாரித்தாள். அவர்களுக்குள் ஒரே சிரிப்பு. பெலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். பெலேன்தான் அவள். ஊகெஸ் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற வீட்டுப் பெயர். பிறகு சுகாசினியின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வீ. சுகாசினி என்று இங்கிலீஷில் அடித்திருந்தது.

"இந்த V?"

"வீராசாமி. எங்க அப்பா."

"குடும்பப் பெயரா?"

"குடும்பப் பேர்லாம் கிடையாது. எங்க அப்பா ஒருத்தர்தான். அவர் பேரு மட்டும்தான்."

"இருக்கிறாரா?"

"இருக்கார். ஞாயித்துக்கிழமை வருவார்."

பெலேன் தலையை ஆட்டினாள். வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கடையில் புடவைப் பைகளுக்கு நடுவே சுகாசினி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாளாம். "ஊகெஸ் யூஸ்னு ஏதோ புது டிசைனாம்மா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதாகக் கடையில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. பெரிய காஞ்சிபுரம், ஓரிக்கை, வாலாஜாபாத் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். மேடையில் கோதண்டபாணி வெள்ளை வேட்டியில் இருந்தார், பக்கத்தில் விருந்தினர்கள், ஓரத்தில் உமாபதி. உமாபதி நல்ல மாதிரி. வந்ததும் சுகாசினிக்கு வணக்கம் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்துகொண்டார். வீராசாமிக்கு என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். மேடையில் கோதண்டபாணி தெரிகிறார் என்று அவர் உட்காரவே மாட்டேன் என்றார். "உக்காருப்பா, காலு வலிக்கும்" என்று மகள் அதட்டிய பிறகு, விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். கூப்பிட்டால் எழுந்துவிட வசதியாக இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அணியை அறிமுகம் செய்தபோதே சுகாசினி அசத்தினாள். "கமீலா எஷ்மித்!" என்றதும் அந்தப் பெண் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "சோஃபியா ஷூனெஸ்!" என்றதும் அவள் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டாள். எங்கள் பெண்களையும் விடவில்லை. "கூரம் சிவபாலன் மகள் ஏஞ்சல்!" என்று ஒவ்வொருத்தியையும் ஊரோடும் அப்பா பெயரோடும் கூப்பிட்டாள். ஜனம் விசிலடித்தது. கோதண்டபாணிகூடத் தொடையில் தாளம் போட்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆட்டம் சூடு பிடித்தது. ஸ்கோர் சமமாக ஏறியது. நான் பலகையைத் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்தேன். முதல் பாதி முடிகிற நேரம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு மின்னலாகப் பாய்ந்தாள். பின்னல் பறந்தது, முகம் தெரியவில்லை. "இதோ பாடிக்கினு வராங்க, அகுஸ்தினா யூஸ்!" என்று சுகாசினி முழங்கினாள். வந்தவள் கோட்டைத் தொட்டுத் திரும்பியபோது முகம் தெரிந்தது. பெலேன்.

என் கை பலகையிலேயே நின்றுவிட்டது. ஜனத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பேசாமல் விட்டிருந்தால் காற்றோடு போயிருக்கும். ஆனால் சுகாசினியைப் பேசாமல் விட வைக்க யாரால் முடியும்? "மன்னிக்கணும். தப்பாச் சொல்லிட்டேன். அது பெலேன் ஊகெஸ். ஊகெஸ்!" என்று மைதானம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். மேடையில் கோதண்டபாணி எழுந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யார்டி உன்னைக் கேட்டது?" என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"அவ ஆட்டத்த நான் வேறொருத்தி பேருல குடுத்துட்டேன்டி. திருப்பிக் குடுக்க வேணாவா?" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

இடைவேளை விசில் ஊதியது. கோதண்டபாணி மேடையின் முன்பக்கம் வந்து கையை நீட்டினார். "பேச்சுன்னா பேச்சும்மா. மைக்க உமாபதி சார்கிட்ட குடு." அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அவள்தான் "சரி சார்" என்றவள். உமாபதி தயங்கித் தயங்கி எழுந்து நின்றார். சுகாசினி மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இது போனால் அவளுக்கு எது போகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பெலேன் தண்ணீர் பாட்டிலோடு எங்கள் மேசைக்கு வந்தாள். வியர்வை சொட்டியது. தன் பெயரைத் திருத்திச் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்ததோ இல்லையோ, "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்று சைகையில் மைக்கைக் கேட்டாள். விருந்தாளி கேட்கிறாள். கோதண்டபாணியும் நீட்டிய கையோடு தலையை ஆட்ட வேண்டியதாயிற்று. சுகாசினி கொடுத்தாள்.

பெலேன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஊர் ஊராக ஆடியிருக்கிறோம், எல்லா இடத்திலும் எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், இங்கேதான் எங்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். உமாபதி அதை நின்ற இடத்திலிருந்தே சத்தமாகத் தமிழில் சொன்னார். பிறகு பெலேன் சுகாசினியைக் கையால் காட்டி, அவர்கள் வழக்கப்படி மரியாதையாக அவள் குடும்பப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள்.

"கிராசியாஸ், செனியோரா பீராசாமி!"

அவர்கள் பாஷையில் வீ என்பது பீ என்றுதான் வரும். கூட்டம் சிரித்தது. ஆனால் என் பக்கத்து நாற்காலி ஆடியது. வீராசாமியின் கைகள் பிடியை அழுத்தின. உடம்பு எழப் பார்த்தது. கோதண்டபாணியும் அந்தப் பெயரைக் கேட்டு அவரைத்தான் பார்த்தார்.

யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். சுகாசினி விடவில்லை. "நோ, நோ. பீ இல்ல, வீ. வீராசாமி" என்றாள். பெலேன் மைக்கை இறக்கவே இல்லை. "பீராசாமி." "கீழ் ஒதட்டப் பல்லுல வை. வீ." அவளே உதட்டைக் கடித்துக் காட்டினாள். "ப்வீராசாமி." "இன்னொரு தடவ." மேடையில் யாரோ சீக்கிரம் முடிக்கச் சொல்லி டேனியலுக்குக் கை காட்டினார்கள். டேனியல் குனிந்து வயரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"வீராசாமி!" என்றாள் பெலேன்.

நாலு திசையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அந்தப் பெயர் சுத்தமாக ஒலித்தது. ஜனத்துக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "வீராசாமி! வீராசாமி!" என்று கேலரியே திருப்பிக் கத்தியது. "எங்கே இருக்கிறார்?" என்று பெலேன் கேட்டாள். சுகாசினி என் பக்கம் கையைக் காட்டினாள். "செனியோர் வீராசாமி!" என்று பெலேன் குனிந்து வணங்கினாள். மைதானத்தில் இருந்த அத்தனை தலையும் எங்கள் மேசைப் பக்கம் திரும்பியது. கோதண்டபாணியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வீராசாமி எழுவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீராசாமி எழுந்திருக்கவில்லை. பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். விளிம்பில் இருந்தவர் நகர்ந்து முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

"இங்கதான் இருக்கேன்" என்றார். மைக் இல்லாமலேயே கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். மேடையில் கோதண்டபாணி நீட்டியிருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை மறு கையோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார், இன்னொரு தட்டுத் தட்டினார், உட்கார்ந்துவிட்டார். உமாபதி ஏற்கெனவே உட்கார்ந்து பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். பெலேன் மைக்கைச் சுகாசினியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் அணியிடம் ஓடினாள்.

விசில் ஊதியது. சுகாசினி முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் சாய்ந்தபடியேதான் இருந்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ரெண்டாம் பாதி ஆரம்பம். முதல்ல பாடிக்கினு வராங்க பெலேன் ஊகெஸ். உங்களுக்குச் சொல்லிக்கினு வர்றது, வீராசாமி மகள் சுகாசினி."